வடமும் ரோட்டரும்

பழைய காரைக் கள்வரிடமிருந்து காப்பது பூட்டுச் செய்பவரும் காவல்துறையும் பார்த்துக்கொள்ள வேண்டிய காரியமாகத் தோன்றினாலும், காப்பவர் உண்மையில் எதைக் காக்கிறார் என்று கேட்கத் தொடங்கியதும் அது தத்துவத்தின் எல்லைக்குள் வந்துவிடுகிறது. பொருள் என்பது என்ன, உடைமை என்பது என்ன, பற்றுக்கும் பொறுப்புக்கும் இடையே கோடு எங்கே விழுகிறது என்ற மூன்று பழைய கேள்விகளும் துணி உறை போர்த்திய ஒரு காருக்குள் அடங்கியிருக்கின்றன.

சென்னைக்கு மிக அணுக்கமான உதாரணம் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. 1961 முதல் வண்டலூரை ஒட்டிய ஸ்டாண்டர்ட் மோட்டார் ஆலையில் உருவான இந்தக் காரைச் செய்த நிறுவனம் கார் உற்பத்தியைக் கைவிட்டுப் பல பத்தாண்டுகள் கடந்துவிட்டன. இதன் பானெட் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். அதைப் பிடித்திருக்கும் கொக்கிகள் இருபுறமும் வெளியிலேயே இருப்பதால், சாவி இல்லாதவரும் எஞ்சின்மீது கை வைத்துவிட முடியும். சாவியிலுள்ள சில்லை அறிந்தபின் மட்டுமே எஞ்சினை இயங்கவிடும் இக்கால ஏற்பாடு எதுவும் இதில் கிடையாது. எனவே இத்தகைய வண்டிகளை வைத்திருப்போர் கையாளும் பழைய உபாயம் ஒன்று உண்டு. ஸ்பார்க் பிளக்குகளுக்கு முறைவைத்து மின்சாரத்தைப் பகிர்ந்து தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளே சுழலும் ரோட்டர் என்னும் கட்டைவிரல் அளவுள்ள துண்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். அதன்பின் செல்ஃப் எத்தனை முறை சுற்றினாலும் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

ரோட்டர் சட்டைப்பையில் இருக்கையில் போர்ட்டிகோவில் நிற்பது காரா என்ற கேள்வியை வேடிக்கையாகத் தள்ளிவிட முடியாது. பாலி மொழியில் அமைந்த மிலிந்த பஞ்ஹா என்னும் பௌத்த நூலில், தேரேறி வந்த கிரேக்க மன்னன் மிலிந்தனிடம் நாகசேனர் என்னும் துறவி இதே கேள்வியைத்தான் கேட்கிறார்: அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகத்தடி தேரா, அல்லது இவை அனைத்துக்கும் புறம்பே தேர் என்று ஒன்று உண்டா? எதற்கும் ஆம் என்று சொல்ல முடியாத மன்னன், உறுப்புகள் கூடி நிற்பதைச் சுட்டும் வழக்குப் பெயரே தேர் என்று ஒப்புக்கொள்ள நேர்கிறது. மனிதன் என்ற பெயரும் அத்தகையதே என்று துறவி மேலே செல்கிறார். எழும்பூரை ஒட்டிய புதுப்பேட்டையில் இந்த வாதம் அன்றாடம் கையால் நிகழ்த்தப்படுகிறது எனலாம். ஓடி ஓய்ந்த வண்டிகள் அங்கே கதவு, கார்புரேட்டர், கியர் பெட்டி, விளக்கு வளையம் எனப் பிரிந்து தெருவோரம் அடுக்கப்படுகின்றன. அந்தக் குவியலில் கார் எங்கும் இல்லை. ஆனால் அதே குவியலிலிருந்து பொறுக்கி எடுத்த உறுப்புகளைக் கொண்டுதான் நகரத்தின் பழைய கார்கள் பலவும் உயிரோடிருக்கின்றன.

அப்படியானால் கள்வர் கொண்டுபோவது எதை? தியாகராய நகர் ஆற்காடு தெருவிலுள்ள எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்தில் டிஎம்எக்ஸ் 4777 என்ற எண்ணுடைய அம்பாசடர் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. அதே ஆலையில் அதே காலத்தில் உருவான வேறொரு அம்பாசடர் எத்தனை நல்ல நிலையில் இருந்தாலும் இதன் இடத்தை நிரப்பாது. இந்தக் காரின் மதிப்பு இரும்பில் இல்லை, ஊராரின் நினைவில் இருக்கிறது. இரும்பைக் களவாடலாம், களவாடியவர் அது இன்னாருடைய கார் என்று சொல்லி விற்க முற்பட்டால் அகப்பட்டுக்கொள்வார், சொல்லாமல் விற்றால் அது வெறும் பழைய அம்பாசடர் ஆகிவிடும்.

சட்டமோ இந்த நுட்பங்களுக்குள் போவதில்லை. இந்திய தண்டனைச் சட்டத்தின் 378ஆம் பிரிவும், 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவும், ஒருவரின் வசமிருக்கும் அசையும் பொருளை அவர் இசைவின்றி நேர்மையற்ற எண்ணத்தோடு நகர்த்துவதையே திருட்டு என்கின்றன. அடகு வைத்த தன் கைக்கடிகாரத்தைக் கடனைத் தீர்க்காமல் ரகசியமாக எடுத்துக்கொள்பவரும் திருடரே என்ற உதாரணம் அந்தச் சட்டத்திலேயே உண்டு. ஆகச் சட்டம் காப்பது கைவசத்தை. உரிமை அதற்கு அடுத்தபடிதான்.

திருக்குறளின் வைப்புமுறை வேறொரு திசையைக் காட்டுகிறது. பிறர் பொருளுக்கு ஆசைப்படாமையைச் சொல்லும் வெஃகாமை இல்லறவியலில் நிற்க, கள்ளாமை துறவறவியலில் நிற்கிறது. இல்லறத்தார் உறவினரிடம் விளையாட்டாக ஒன்றை மறைத்து எடுத்துக்கொள்வது பொறுக்கத்தக்கது, துறந்தாருக்கோ அப்படி நினைப்பதே பெரிய இழுக்கு என்று பரிமேலழகர் இதற்குக் காரணம் கூறுகிறார். களவின் வேர் நெஞ்சில் இருக்கிறது என்பது இதன் உட்கிடை. மேலோட்டமாகப் பார்த்தால், காரின் சொந்தக்காரர் இதைத் தமக்குச் சாதகமாகவே எடுத்துக்கொள்வார். ஆனால் நெஞ்சை ஆராயும் நூல் அவர் நெஞ்சையும் விட்டுவைக்காது. சைவ சித்தாந்தம் உயிரைப் பசு என்றும், அதைக் கட்டும் தளையைப் பாசம் என்றும் பெயரிட்டது. பாசம் என்ற சொல்லின் நேர்ப்பொருள் கயிறு. ஸ்டீயரிங்கையும் பிரேக் பெடலையும் சேர்த்துக் கம்பியால் பூட்டிவிட்டு, வெளியூர்த் திருமணத்தில் பந்தியில் அமர்ந்தபடி கைபேசியில் வீட்டு வாசல் கேமராவைப் பார்த்துக்கொண்டிருப்பவரிடம், பூட்டப்பட்டிருப்பது கார் மட்டுந்தானா என்று சித்தாந்தி கேட்டால் விடை சொல்வது கடினம்.

பற்றை விடு என்பதே இதற்கு மருந்தென்று சொல்லிவிடலாம்; ஆனால் ஹெரால்டைத் துறந்தால் அது நேரே போய்ச் சேருமிடம் புதுப்பேட்டை என்பதையும் மறந்துவிடக் கூடாது. அரியதாகிவிட்ட பொருளை விட்டொழிப்பது துறவைப் போலத் தோன்றும் அலட்சியமாகவும் இருக்கக்கூடும். கோயில் நிர்வாகத்தில் வழங்கும் அறங்காவலர் என்ற சொல் இங்கே உதவுகிறது. அவர் காக்கும் நகையும் நிலமும் அவருடையவை அல்ல, இறைவனுடையவை. தமக்கு முன்னே ஒருவரும் பின்னே ஒருவரும் உண்டு என்று அறிந்து பொருளைக் கையில் வைத்திருப்பதே அவர் பணி. பழைய காரை வைத்திருப்பவர் தம்மை அப்படிக் கருதத் தொடங்கினால் காவலின் இயல்பே மாறிவிடும்.

காவலும் பூட்டும் இருந்த இடத்திலேயே பொருள் மாறியதாகப் புகார் எழுந்ததையும் மயிலாப்பூர் கண்டிருக்கிறது. அம்பிகை மயிலாகி இறைவனைப் பூசித்தாள் என்பது தலபுராணம். கபாலீசுவரர் கோயிலின் புன்னைவனநாதர் சந்நிதியில் அலகில் பூவை ஏந்தியிருந்த மயில் சிலை, 2004 குடமுழுக்கின்போது அகற்றப்பட்டு, அலகில் பாம்பைக் கவ்விய வேறொரு மயில் வைக்கப்பட்டதாகப் பின்னாளில் புகார் எழுந்து, வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. தெப்பக்குளத்தின் அடியிலும் தேடினார்கள். பூசிக்கும் மயிலின் அலகில் பாம்பு இருக்க முடியாது என்று சொன்னது பூட்டு அல்ல. அங்கே பூவைப் பார்த்துப் பழகிய கண்கள். காரிலும் இதே கதைதான். சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஏட்டில் இருக்கலாம். கதவின் உட்புறத்துக் கீறலையும் மாற்றுப் பெயின்ட்டுக்கு அடியில் தெரியும் முதல் நிறத்தையும் அறிந்த மெக்கானிக் ஒருவர் இருந்தால்தான் ஆள்மாறாட்டம் பிடிபடும்.

அதே கோயிலின் தேருக்கு எவரும் களவு அஞ்சுவதில்லை. பங்குனிப் பெருவிழாவின் ஏழாம் நாள் தேரோட்டம் முடிந்து நிலைக்கு வந்ததும் வடத்தைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். அந்த வடமே தேரின் ரோட்டர். ஆனால் தேரைக் காப்பது அது மட்டுமன்று. நூற்றுக்கணக்கான கைகள் கூடினாலன்றி அசையாத, அசைந்தால் நான்கு மாட வீதியும் அறிந்துவிடுகிற ஒன்றை எவர் எங்கே ஒளித்து வைப்பார்? ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021இல் மத்திய அரசு வகுத்த பதிவு விதிகள் அவற்றை இந்த நிலைக்கு ஓரளவு நெருக்கிக் கொண்டுவந்துள்ளன. எண் பலகையில் விஏ என்ற எழுத்துகளைப் பெறும் அந்த வண்டிகளை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கே வெளியே எடுக்கலாம். கருவறையில் நிலைபெற்ற மூலவரைப் போலன்றி விழா நாளில் மட்டும் வீதிக்கு எழுந்தருளும் உற்சவரின் வாழ்க்கை அது.

பார்த்துப் பதிவு செய்து வைத்த கண்களின் வலிமைக்கு ஸ்ரீபுரந்தான் நடராசரே சான்று. அரியலூர் மாவட்டத்துக் கோயிலிலிருந்து களவுபோய், 2008இல் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் ஐம்பது லட்சம் டாலருக்குமேல் கொடுத்து வாங்கிய அந்தத் திருமேனி இன்னது என்று நிறுவ உதவியவை, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் முன்பே எடுத்து வைத்திருந்த படங்கள். 2014இல் அது நாடு திரும்பியது. ஆனால் ஸ்ரீபுரந்தான் கருவறைக்கு அது போகவில்லை; களவுக்கு அஞ்சி, அரசின் சிலைப் பாதுகாப்பு மையத்துக்கே கொண்டு செல்லப்பட்டது.