சாத்தான் நிறுத்திய இடம்

எங்கள் வீட்டில் 91-ஆம் சங்கீதம் சொல்லாமல் யாரும் படுத்ததில்லை. காய்ச்சலுக்கும் அதுதான், பரீட்சைக்கும் அதுதான். தாயத்து மாதிரி. ஐரிஷ் பாடகி சினேட் ஓ'கானர் தன் முதல் ஆல்பத்துக்கு ‘சிங்கமும் நாகமும்’ என்று அந்தச் சங்கீதத்தின் 13-ஆம் வசனத்திலிருந்து பெயர் எடுத்தது அதனால்தான் என்னை உறுத்தியது.

ஆல்பம் வந்தது 1987-ல். அவருக்கு அப்போது 20 வயது. பதிவின்போது வயிற்றில் குழந்தை. தயாரிப்பாளர் செய்துகொடுத்த பதிவு பிடிக்காமல் ஒதுக்கிவிட்டு, தானே மறுபடி தயாரித்தார். ஒரு பாட்டின் தொடக்கத்தில் பாடகி என்யா அதே சங்கீதத்தை ஐரிஷ் மொழியில் வாசிக்கிறார். ஐரோப்பிய அட்டையில் வாய்திறந்து கத்தும் முகம். அமெரிக்காவுக்கு அது கடுமையாம், பார்வை தாழ்ந்த படத்தைப் போட்டார்கள். கிராமி பரிந்துரை வரை போனது.

இந்தச் சங்கீதம் சொல்லும் கடவுளின் காவல் என்றால் அடிபடாமல் இருப்பதா? தேவாலய உப்பரிகையில் சாத்தான் இயேசுவைச் சோதித்தபோது இதே சங்கீதத்தைத்தான் எடுத்துச் சொன்னான்: தூதர்கள் தாங்குவார்கள், கல்லில் கால் இடறாது என்ற பகுதியை மட்டும். சிங்கத்தை மிதிப்பது அடுத்த வசனத்தில் வருகிறது. அவன் அங்கே போகவில்லை. மிதிக்க வேண்டுமானால் சிங்கம் எதிரே நின்றாக வேண்டுமே! சிறுவயதில் தாயிடம் பட்ட அடிகளை வெளிப்படையாகச் சொன்னவர் ஓ'கானர். அவர் வேலி கேட்கவில்லை, நடக்கக் கால் கேட்டார் என்றே நான் கொள்கிறேன்.

2018-ல் அவர் இஸ்லாத்தைத் தழுவினார். அதைச் சொல்லி இந்த ஆல்பத்தைத் தள்ளிவைக்கும் சபைக்காரர்கள், தயவுசெய்து 13-ஆம் வசனத்தை இன்னொருமுறை படியுங்கள்.