கேளாமல் கட்டிய வீடு

“கட்டித் தருகிறோம், குடியேறு, கேள்வி கேட்காதே!”

ஏழைக்கு வீடு தரும் ஆட்சிகள் பலவும் இந்தத் தொனியில்தான் பேசி வந்திருக்கின்றன. கை நீட்டுபவனுக்கு வாய் எதற்கு என்ற எண்ணம்! கொடுப்பவன் நல்லவனாகவே இருக்கட்டும், அறிஞனாகவும் இருக்கட்டும். பிறர் வாழப்போகும் முறையை, அவர்களைக் கேளாமலே வகுத்துவிடும் உரிமை அவனுக்கு உண்டா?

எகிப்து நாட்டிலே, லக்சர் நகருக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக் கரையில், பண்டைய கல்லறைகளின் மீதே குடியிருந்தனர் கூர்னா ஊரார். புதைபொருள்கள் களவு போகின்றன என்று கூறி, அவர்களை அகற்ற ஆணையிட்டது அரசு. புதிய ஊர் சமைக்கும் பணியை 1945-இல் ஏற்றார் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி. எளிய மக்களை எள்ளி நகையாடுபவரல்லர் அவர். சிமெண்டையும் இரும்பையும் தள்ளி, அந்த மண்ணையே கல்லாக்கினார். நூபியக் கொத்தர்களின் கைத்திறன் கொண்டு வளைவுக் கூரை எழுப்பினார். வெயிலைத் தணிக்கும் கனத்த சுவர், காற்றாட முற்றம், கூடிப் பேச வெளி, எல்லாம் வைத்தார்.

ஊர் எழுந்தது, ஊரார் வரவில்லை!

பணி பாதியிலே நின்றது. கல்லறைகளும் அவற்றைக் காண வரும் பயணிகளுமே பலருக்குப் பிழைப்பு. சோற்றை விட்டுச் சுவருக்கு வா என்றால் யார் வருவர்? முற்றம் எப்படி இருக்கவேண்டும் என்று எண்ணிப் பார்த்தார் ஃபாத்தி. இடம் பெயரச் சம்மதமா என்ற முதற் கேள்வியையோ, ஆணை முன்பே விழுங்கிவிட்டது.

கேட்டால் என்ன நேரும்? அதற்குச் சிலி நாட்டின் இக்கீக்கே நகரம் விடை தருகிறது. நகரின் நடுவே அரை ஹெக்டேர் நிலத்தில், முப்பது ஆண்டுகளாக உரிமைச் சீட்டின்றி வாழ்ந்தன ஏறத்தாழ நூறு குடும்பங்கள். குடும்பத்துக்கு 7,500 டாலர். நிலம், குழாய், கட்டடம் அனைத்தும் அதற்குள்! ஊருக்கு வெளியே தள்ளியிருந்தால் கணக்குச் சரியாகியிருக்கும். வேலையும் பள்ளியும் தொலைந்திருக்கும். அலெஹாண்ட்ரோ அரவேனாவின் குழுவினர் மக்களோடு உட்கார்ந்து பேசினர். அடுக்கு மாடி என்றதும், உண்ணாவிரதம் இருப்போம் என்று எச்சரித்தனர் மக்கள். காரணம், அந்தச் சிறு கூட்டைப் பின்னாளில் பெரிதாக்க வழியில்லை. கல்லாதவர் பிடிவாதம் என்று தள்ளவில்லை, அதையே அறிவுரையாகக் கொண்டனர் வந்தவர்கள். 2004-இல் எழுந்தன, பாதி வீடுகள்! அடித்தளம், சுவர், சமையலறை, குளியலறை, படிக்கட்டு ஆகியவை பொதுப் பணத்தில். பக்கத்திலே வெற்றிடம், குடும்பம் தன் வசதிக்கேற்ப நிரப்பிக்கொள்ள.

“பொறியியலைப் பாமரனிடம் கேட்பதா? இது பகுத்தறிவா?” என்று சில தோழர்கள் சினக்கக்கூடும். நிலநடுக்கம் நிறைந்த நாட்டில் தூண் எத்தனை கனம் வேண்டும் என்பதைப் பொறியாளரே சொல்லட்டும். திருமணமான மகன் எந்த அறையில் தங்குவான், தையல் எந்திரம் எங்கே நிற்கும் என்பதை அந்த வீட்டுத் தாயன்றி வேறு யார் சொல்வது? அதுவும் அறிவுதான், பட்டம் பெறாத அறிவு.

பாதி வீட்டைக் கொடுத்து அரசு கடமையிலிருந்து நழுவுகிறதே என்று கேட்பாரும் உண்டு. அந்தக் குற்றச்சாட்டை நாம் ஒதுக்கமாட்டோம். 7,500 டாலர் என்ற எல்லையை வகுத்தபோது, அந்த நூறு குடும்பங்களை யாரும் அழைத்துக் கேட்கவில்லை.