நன்மையும் சம்மதமும்

திருப்பதி ஸ்விம்ஸ் மருத்துவமனையின் இளஞ்சிவப்புப் பேருந்து சித்தூர்ப் பகுதிக் கிராமங்களுக்கே சென்று, பெண்களுக்குப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்து வந்திருக்கிறது. போற்றத்தக்க பணி. ஆயினும் பாலியல் கொடுமைக்கு ஆளான பெண் அதன் படியேறத் தயங்கக்கூடும். உடலைக் காக்கும் பரிசோதனையே பழைய காயத்தைக் கிளறிவிடும். 'உன் நன்மைக்குத்தானே' என்று உற்றார் அவளை வற்புறுத்துவது தகுமா?

தகாது. முன்பே ஒருமுறை மிதிக்கப்பட்டது அவளது விருப்பம். நன்மையின் பெயராலும் அதனை மீண்டும் மிதிக்கலாகாது. அதற்காக அவளைக் கைவிடுவதும் கருணையாகாது. கருப்பைவாய்ப் புற்றுநோய் பல ஆண்டுகள் அறிகுறியின்றி வளர்வது. முன்னரே கண்டால் தடுக்கக்கூடியது. ஹெச்.பி.வி. சோதனைக்கான மாதிரியைப் பெண் தானே எடுத்துத் தரும் முறையை உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் ஏற்கிறது. மருத்துவர் தொடுமுன் அனுமதி கேட்கலாம். 'போதும்' என்றால் உடனே நிறுத்தலாம். இதற்குச் செலவேது? அவள் கதையைத் துருவ வேண்டுவதில்லை. இன்று பரிசோதனையின்றித் திரும்புபவளுக்கு அடுத்த முகாமின் நாளைச் சொல்லியனுப்பினால் போதும்.