ஊழியமும் தானமும்



பத்துப் பாரமிதைகளை எண்ணுமிடத்துத் தானத்தையே முதலில் வைத்தனர் நம் ஆன்றோர். சீலமும் பொறுமையும் ஞானமும் அதன் பின்னரே வருகின்றன. தியானத்திற்குப் பயிற்சி வேண்டும். நூலறிவிற்குக் காலம் வேண்டும். கையிலுள்ளதில் ஒரு பங்கைப் பிறர்க்கு அளிப்பதற்கோ ஒரு கணம் போதும். ஐந்து வயதுக் குழந்தையும் ஏறக்கூடிய படி அது ஒன்றேயாதலின், அறத்தின் வாயிலில் அதனை அமைத்தனர் போலும்.

ஆயினும், தென் அந்தமானில் சௌல்தாரியில் வாழும் நம் உபாசகர், உபாசிகைகளிடம், “பிள்ளைகளை ஊர்த் தொண்டில் பழக்குங்கள்” என்று நாம் சொல்லும்பொழுது, இரண்டு மறுமொழிகள் எழுகின்றன. “நமக்கே பற்றாக்குறை, பிள்ளை எதைக் கொடுக்கும்?” என்பது ஒன்று. “நம் பாட்டனும் பூட்டனும் ஊருக்கு ஊழியம் செய்து தேய்ந்தது போதாதா? நம் பிள்ளையும் துடைப்பம் எடுக்க வேண்டுமா?” என்பது மற்றொன்று. முதலாவது வறுமையின் குரல். இரண்டாவது மானத்தின் குரல். இரண்டையும் அலட்சியம் செய்தல் ஆகாது.

வறுமையின் குரலுக்கு மணிமேகலைக் காப்பியம் விடை கூறுகின்றது. ஆபுத்திரன் பிறந்தவுடன் தாயால் கைவிடப்பட்டவன். பசுவின் பாலால் உயிர் பிழைத்தவன். வேள்விக்கென்று கட்டப்பட்ட பசுவைக் காக்க முற்பட்டதனால் அடியுண்டு, பிறப்பைச் சொல்லி இழிக்கப்பட்டு, ஊரை விட்டுத் துரத்தப்பட்டவன். மதுரை மாநகர் வந்த அவனிடம் இருந்தது ஒரு பிச்சைப் பாத்திரம் மட்டுமே. வீடுதோறும் இரந்து பெற்ற சோற்றை அவன் தனியே உண்டானா? குருடரையும் செவிடரையும் முடவரையும் ஆதரவற்றோரையும் நோயாளரையும் கூவி அழைத்து, அவர்களை உண்பித்து, எஞ்சியதையே தான் உண்டான். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவன் கைக்கு வந்தது அதன் பின்னர்தான். நிறைந்த பாத்திரம் வந்த பிறகு கொடுக்கத் தொடங்கினான் அல்லன். இரந்த பாத்திரத்திலிருந்தே கொடுத்தான். சாத்தனார் நமக்கு வைத்துச் சென்ற பாடம் இது.

மானத்தின் குரலுக்கு விடை கூறுவது எளிதன்று. நாமும் அக்குரலை அறிவோம். நம் சிறு பிராயத்தில் பழந்துணி கொடுத்தவர்கள் எட்ட நின்று எறிந்தார்கள். அது கையில் விழுந்ததைவிட மண்ணில் விழுந்ததே அதிகம். ஏவியவன் சொல்லுக்கு அஞ்சிச் செய்யும் வேலை வெட்டி ஊழியம். தன் உள்ளம் உவந்து, பெறுகின்றவனைத் தனக்குச் சமமாக எண்ணிச் செய்யும் வேலை தானம். இரண்டிலும் துடைப்பம் ஒன்றே. பிடிக்கின்ற மனம் வேறு. இந்த வேற்றுமையைப் பிள்ளைக்கு உணர்த்தாமல் தொண்டு செய்யப் பழக்கினால், பழைய அடிமைத்தனத்திற்கே புதுப்பெயர் சூட்டியவர்களாவோம்.

இவ்வேற்றுமையைச் செயலில் காட்டிய நிகழ்ச்சி ஒன்று இலங்கையில் நடந்தது. 1958-ஆம் ஆண்டு, கொழும்பு நாளந்தா கல்லூரி ஆசிரியராயிருந்த ஏ. டி. ஆரியரத்ன என்னும் பௌத்த இளைஞர், மாணவர் 40 பேரையும் ஆசிரியர் சிலரையும் கனத்தொளுவ என்னும் கிராமத்திற்கு அழைத்துச் சென்றார். அங்கு வாழ்ந்தவர்கள் ரொடியர். தலைமுறை தலைமுறையாக ஒதுக்கப்பட்டு, இரந்துண்டு வாழுமாறு விதிக்கப்பட்ட மக்கள். நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள் அவர்களிடையே தங்கி, அவர்களோடு உண்டு, அவர்களோடு சேர்ந்து மண் வெட்டினார்கள். ஏழைக்கு உபதேசிக்க அவர்கள் செல்லவில்லை. ஏழையிடம் கற்றுக்கொள்ளவே சென்றார்கள். அம்முயற்சிக்குச் சிரமதானம் என்று பெயர். உழைப்பையே கொடையாக அளித்தல் என்பது பொருள். சர்வோதய சிரமதான இயக்கம் இவ்வாறு பிறந்து, பின்னர் ஆயிரக்கணக்கான கிராமங்களில் பரவிற்று. ஆரியரத்ன 2024-ஆம் ஆண்டு மறைந்தார்.

அவ்வியக்கத்தின் பாலர் பள்ளிகளில் அழகிய வழக்கம் ஒன்று உண்டாயிற்று. எவ்வளவு ஏழ்மையான வீட்டுக் குழந்தையும், பொதுச் சமையலுக்கென்று ஒரு தீப்பெட்டி நிறைய அரிசியோ பருப்போ எடுத்து வரும். ஒரு தீப்பெட்டி அரிசியால் எந்த வீடும் குறைந்து போவதில்லை. ஆனால் அக்குழந்தை பந்தியில் அமரும்பொழுது, பிறர் சோற்றை உண்பவனாக அமர்வதில்லை; பங்காளியாக அமர்கின்றது. வாங்கும் கையே கொடுக்கும் கையுமாகும்பொழுது தாழ்வு என்பது எங்கே நிற்கும்?

அந்தமான் வாழ் அன்பர்களுக்கு இன்னுமொரு சான்று அருகிலேயே உள்ளது. புகார் நகரத்தில் மணிமேகலை மன்னனிடம் வேறு வரம் எதுவும் வேண்டாது, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கித் தருமாறு வேண்டினாள். மன்னனும் அவ்வாறே செய்தான். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேரில், 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையின் வளாகத்திலேயே 1963-இல் கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனை நிறுவப்பட்டது. மனிதர் வதைபட்ட இடத்தில் மனிதர் பிணி தீர்கின்றது. காப்பியத்தில் படித்ததைக் கண்முன் காட்டும் இடம் இது. பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள், கதையைச் சொல்லுங்கள்.

கைம்மாறு என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை எழுந்தபொழுது, தென் அந்தமானில் தரை தாழ்ந்து, சிப்பிகாட் போன்ற இடங்களில் விளைநிலங்களுள் கடல்நீர் புகுந்து நின்றது. அந்நாளில் முன்பின் அறியாதவர்கள் அரிசியும் துணியும் அனுப்பினார்கள். அவர்களைத் தேடிச் சென்று திருப்பிக் கொடுக்க இயலாது. பெற்ற இடத்தில் செலுத்த முடியாத கடனை, தேவையுள்ள இடத்தில் செலுத்துவதே கதஞ்ஞுதா என்று பாலியில் வழங்கும் நன்றியறிதலின் நிறைவு.

சௌல்தாரியில் பிள்ளைகள் என்ன செய்யலாம்? மழை ஓய்ந்து தண்ணீர் அருகும் மாதங்களில், தனித்து வாழும் முதியவர் வீட்டுக்கு ஒரு குடம் நீர் கொண்டு சென்று கொடுக்கலாம். பிழைப்பைத் தேடி வந்த குடும்பத்துச் சிறுவனுக்கு, அவன் பேசுவது தமிழோ வங்காளமோ தெலுங்கோ ஆயினும், தாம் படித்து முடித்த புத்தகத்தைக் கொடுத்து எழுத்துக் கற்பிக்கலாம். பொதுக் கிணற்றைச் சுற்றிலும் துப்புரவு செய்யலாம். காசு கேட்பதைவிட நேரத்தைக் கேட்பது நன்று. காசு எல்லாப் பிள்ளைக்கும் இராது, நேரம் உண்டு.

மூன்று காவல்கள் மட்டும் வேண்டும். முதலாவது, துடைப்பம் எல்லார் கையிலும் முறை வைத்துச் சுழல வேண்டும். பள்ளியிலாயினும் பொதுவிடத்திலாயினும் நம் பிள்ளைகளை மட்டும் பொறுக்கியெடுத்துக் கழிப்பறைக்கு அனுப்பினால், அது தொண்டன்று. பெற்றோர் எழுந்து நின்று கேட்க வேண்டும். இரண்டாவது, பிள்ளை விரும்பாத நாளில் வற்புறுத்தலாகாது. மறுக்கும் உரிமை இல்லாத இடத்தில் கொடுக்கும் உரிமையும் இல்லை. மூன்றாவது, பெறுகின்றவரை நிறுத்திப் படம் பிடித்தலாகாது. நாம் பஞ்சாலையில் வேலை செய்த காலத்தில், உடன் உழைப்பவர் எவரேனும் நோயுற்றால், சம்பள நாளன்று வாயிலருகே ஒரு துண்டைப் போட்டு வைப்போம். அவரவர் துண்டின் அடியில் கையை விட்டு இயன்றதை வைத்துச் செல்வர். எவர் எவ்வளவு வைத்தார் என்பதை எவரும் அறியார். பெற்றவரும் மறுநாள் தலை நிமிர்ந்தே வேலைக்கு வந்தார்.

புத்த பெருமான் தம் மகன் இராகுலனுக்கு உபதேசித்தபொழுது, முகம் பார்க்கக் கண்ணாடி இருப்பது போல, செய்யுமுன்னும் செய்யும்பொழுதும் செய்த பின்னும் தன் செயலை நோக்கிப் பார்க்குமாறு பணித்தார். இரவில் பிள்ளை உறங்கப் போகுமுன் இக்கண்ணாடியை அதன் கையில் கொடுங்கள்: “இன்று நீ செய்ததனால் யார் துன்பம் குறைந்தது? யார் முகமாவது வாடியதா?” என்று கேளுங்கள். விடையை நீங்கள் சொல்லாதீர்கள், பிள்ளை சொல்லட்டும். அவ்விடை உண்மையாய் வருமாயின், நம் பாட்டன்மார் தலையில் சுமத்தப்பட்ட ஊழியம் நம் பேரப்பிள்ளைகளிடத்தில் தானமாக மாறிவிட்டதென்று அறிந்துகொள்ளலாம்.

எல்லா உயிர்களும் துன்பம் நீங்கி நலமுறுக!

சாது! சாது! சாது!