மாலுமியின் பதில்

அலெக்சி தெ தொக்வில் ஒரு அமெரிக்க மாலுமியிடம் கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது. உங்கள் நாட்டுக் கப்பல்களை ஏன் கொஞ்ச காலமே உழைக்கிற மாதிரி கட்டுகிறீர்கள்? மாலுமி யோசிக்கக்கூட இல்லை. கப்பல் ஓட்டும் கலை நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டிருக்கிறது, எவ்வளவு நல்ல கப்பலானாலும் சில வருடங்களுக்கு மேல் உழைத்தால் அது வேண்டாத பொருளாகிவிடும் என்கிற மாதிரி பதில் சொல்லிவிட்டார். 'அமெரிக்காவில் ஜனநாயகம்' நூலின் இரண்டாம் பகுதியில், 1840இல் வந்தது, ஒரு சின்ன அத்தியாயத்தில் இது இருக்கிறது. சாதாரண ஒரு மனிதர் போகிறபோக்கில் சொன்ன வாக்கியத்தில் ஒரு முழு தேசத்தின் நினைப்பும் இருப்பதாகத் தொக்வில்லுக்குப் பட்டது.

ஐரோப்பியர் அமெரிக்காவைப் பார்த்து எழுதியவை ஏராளம். பெரும்பாலானவற்றில் ஒரு முகச்சுளிப்பு இருக்கும். அவசரக்காரர்கள், பணப்பித்துப் பிடித்தவர்கள், சாப்பிடக்கூட நேரமில்லாதவர்கள் என்று. தொக்வில் கொஞ்சம் வேறு மாதிரி. 1831 மே மாதம் நண்பர் போமோனோடு வந்து இறங்கியபோது அவருக்கு வயது 25. சிறைச்சாலைகளை ஆராய வந்ததாகத்தான் காகிதத்தில் இருந்தது. பிரபு குடும்பத்துப் பிள்ளை. கொள்ளுத்தாத்தா மால்செர்ப் 1794இல் கில்லட்டினில் தலை இழந்தவர். அப்பா அம்மா அதே வருடம் சிறையில் இருந்து மயிரிழையில் தப்பியவர்கள். நிலைத்து நிற்கும் என்று நம்பப்பட்ட எல்லாம் ஒரே தலைமுறையில் சரிந்ததைப் பார்த்த வீட்டிலிருந்து வந்தவர் 'ஏன் நிலைக்கிற மாதிரி கட்டவில்லை' என்று கேட்கும்போது அதில் வெறும் மேட்டிமை மட்டும் இருக்க முடியாது.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். அந்த மாலுமியை எனக்கு நன்றாகத் தெரியும். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். இரண்டு வருடத்தில் எப்படியும் திரும்ப எழுதத்தான் போகிறோம், இப்போதைக்கு இது போதும் என்பார். சில நாள் அந்த நாற்காலியில் இருப்பது நான்தான்.

அவர் பதிலைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. உள்ளே ஒரு பணிவு இருக்கிறது. எனக்கு இன்று தெரிந்ததைவிட நாளை வருகிறவனுக்கு அதிகம் தெரிந்திருக்கும். என் அறியாமையை இரும்பிலும் ஓக் மரத்திலும் வார்த்து அவன் தலையில் கட்ட எனக்கு என்ன உரிமை? கொலோன் பேராலயத்தை நினைத்துப்பாருங்கள். 1248இல் தொடங்கி, நடுவில் சில நூற்றாண்டுகள் அப்படியே நின்று, 1880இல் முடித்தார்கள். கம்பீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் 13ஆம் நூற்றாண்டு மனிதர் சிலர் முடிவு செய்ததை 19ஆம் நூற்றாண்டு மனிதர் நிறைவேற்றியிருக்கிறார்கள் என்றும் அதைச் சொல்லலாம். நிலைத்த பொருள் என்பது செத்தவர் உயிரோடிருப்பவருக்கு இடும் கட்டளையும்கூட.

இந்த வாதத்தை யாரையும்விடத் தீர்க்கமாகச் சொன்னவர் தாமஸ் ஜெஃபர்சன். 1789 செப்டம்பர் 6 அன்று ஜேம்ஸ் மாடிசனுக்கு ஒரு கடிதம் எழுதினார். எழுதிய இடம் பாரிஸ் என்பதுதான் வேடிக்கை. பூமி உயிரோடிருப்பவர்களுக்கு உரியது, அனுபவித்துவிட்டுப் போகும் உரிமை மட்டும் உண்டு, செத்தவர்களுக்கு அதன்மேல் அதிகாரம் இல்லை என்பது வாதம். அதோடு விடவில்லை. அன்றைய ஆயுள் அட்டவணைகளை வைத்துக் கணக்குப் போட்டு ஒரு தலைமுறைக்கு 19 ஆண்டு என்று வந்தார். எந்தச் சட்டமும் அரசியலமைப்பும் 19 ஆண்டில் தானாகக் காலாவதியாக வேண்டும், எந்தத் தலைமுறையும் தன் காலத்துக்குள் அடைக்க முடியாத கடனை வாங்கக் கூடாது. ஒரு தேசத்தின் ஆவணத்துக்கே காலாவதி தேதி! படித்தபோது எனக்குக் கை தட்டத் தோன்றியது.

ஜெஃபர்சனின் சொந்தக் கடன் என்னவாயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். 1826இல் அவர் இறந்தபோது தலைக்குமேல் கடன். 1827 ஜனவரியில் அவருடைய மான்டிசெல்லோ தோட்டத்தில் ஏலம் நடந்தது. விற்பனைக்கு வந்தவர்கள் 130 அடிமைகள். ஒரு தலைமுறையின் கடன் அடுத்த தலைமுறைமேல் விழக் கூடாது என்று எழுதியவரின் கடனை, எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாத 130 பேர் தங்கள் உடம்பால் அடைத்தார்கள். குடும்பங்கள் பிரிந்து வெவ்வேறு கைகளுக்குப் போயின.

இதை ஜெஃபர்சனை மட்டம் தட்டுவதற்காகச் சொல்லவில்லை, அதைச் செய்ய நிறையப் பேர் இருக்கிறார்கள். மாலுமியின் பதிலில் இருக்கும் ஓட்டை எங்கே என்று எனக்குக் காட்டிக்கொடுத்தது அந்த ஏலம்தான். 'நாங்கள் எங்களுக்காகக் கட்டுகிறோம், அடுத்தவன் அவனுக்காகக் கட்டிக்கொள்ளட்டும்' என்னும்போது அந்த 'நாங்கள்' யார்? கப்பலைக் கட்டியவரா, ஓட்டுகிறவரா, அடித்தளத்தில் சரக்கு மூட்டைகளோடு படுத்திருப்பவரா?

தொக்வில்லே இந்தக் கேள்விக்குள் கிட்டத்தட்ட மூழ்கினார். 1831 நவம்பர் கடைசியில் ஒஹையோ ஆற்றில் அவர் போன நீராவிப் படகு பாறையில் மோதிக்கொண்டது. படகின் பெயர் ஃபோர்த் ஆஃப் ஜூலை. நல்லவேளையாகத் தப்பினார். அந்தக் காலத்து ஆற்றுப் படகுகள் ஐந்தாறு வருடம் ஓடினாலே பெரிய விஷயம். லேசாக, மலிவாகக் கட்டு, போட்ட பணத்தைச் சீக்கிரம் எடு, உடைந்தால் அடுத்தது. கொதிகலன் வெடித்துச் செத்தவர்கள் கணக்கு ஏற ஏற, 1838இல் மத்திய அரசு ஒரு பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. அது போதாமல் 1852இல் இன்னும் கடுமையான ஒன்று. அப்படியும் 1865 ஏப்ரலில் மிசிசிப்பி ஆற்றில் சுல்தானா வெடித்தது. இரண்டே வருடப் படகு. 376 பேருக்கு அனுமதி, ஏற்றியிருந்தது 2,000க்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் உள்நாட்டுப் போரில் சிறைப்பட்டு, விடுதலையாகி வீடு திரும்பிக்கொண்டிருந்த சிப்பாய்கள். வழியில் கொதிகலன் ஒழுகியது. முழுசாகச் சரிசெய்தால் நாளாகும். சிப்பாய்க்கு இவ்வளவு என்று அரசு தலைக்கணக்கில் தரும் காசு வேறு படகுக்குப் போய்விடும். ஒட்டுப்போட்டுக் கிளப்பினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள்.

ஒட்டு. எங்கள் தொழிலில் இதற்கு 'பேட்ச்' என்று பெயர், தினமும் போடுகிறோம்.

இந்த இடத்தில் ஐரோப்பிய வாசகர் ஒருவர் மெல்லச் சிரிக்கலாம். அவருக்கும் ஒன்று வைத்திருக்கிறேன். பொருளை வேண்டுமென்றே சீக்கிரம் சாகவைக்கும் கலையின் புகழ்பெற்ற உதாரணம் ஜெனீவாவில் பிறந்தது. 1924இல் ஓஸ்ராம், பிலிப்ஸ் உள்ளிட்ட பல்பு தயாரிப்பாளர்கள் ஃபீபஸ் என்ற பெயரில் கூட்டுச் சேர்ந்தார்கள். அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக்கும் தன் துணை நிறுவனங்கள் வழியாக உள்ளே இருந்தது. அதுவரை 1,500 மணி நேரம், அதற்கு மேலும் எரிந்த பல்புகள் இனி 1,000 மணி நேரம் எரிந்தால் போதும் என்று முடிவெடுத்தார்கள். யாருடைய பல்பாவது அதிகம் எரிந்தால் அபராதம். நன்றாகச் செய்ததற்கு அபராதம்! மறுபக்கம் கலிஃபோர்னியாவில் லிவர்மோர் என்ற ஊரின் தீயணைப்பு நிலையத்தில் 1901 முதல் ஒரு பல்பு எரிந்துகொண்டிருக்கிறது. ஒஹையோவில் செய்த அமெரிக்கப் பல்பு. அதேபோல் ஹென்றி ஃபோர்ட் தன் மாடல் டி கார் வருஷக்கணக்கில் உழைக்க வேண்டும், ஒரு விவசாயி தானே கழற்றி மாட்டிக்கொள்ள வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். ஜெனரல் மோட்டார்ஸ் வருடத்துக்கு ஒரு புது மாடல் காட்டி ஆசையைக் கிளப்பித்தான் அவரை முந்தியது. ஆகவே இதை அமெரிக்கக் குணம், ஐரோப்பியக் குணம் என்று பிரிப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. இரண்டு கரையிலும் இரண்டும் உண்டு.

ஆனால் ஒரு வித்தியாசத்தை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். இன்றைய ஐரோப்பா அந்த மாலுமியோடு சட்டத்தால் வாதாடுகிறது. 2024 டிசம்பர் கடைசியிலிருந்து அங்கே புதிதாக விற்கும் கைப்பேசிகளுக்கு ஒரே வகை சார்ஜர் துளை கட்டாயம். 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஏழு வருடத்துக்கு உதிரி பாகமும் ஐந்து வருடத்துக்கு மென்பொருள் புதுப்பிப்பும் கிடைக்க வேண்டும். இதனால் புதுமை செத்துவிடும் என்று அமெரிக்கப் பக்கத்தில் முணுமுணுக்கிறார்கள். முழுக்கப் பொய் என்று சொல்ல மாட்டேன். என் கையில் இருக்கும் கைப்பேசியோ, அதில் ஓடும் இயங்குதளமோ ஐரோப்பாவில் உருவானதில்லை. மாலுமியின் ஊர்க்காரர்கள் உருவாக்கியவை.

மாலுமி தவறிய இன்னொரு இடம் உண்டு, அதில் எங்கள் ஊருக்கும் பங்கிருக்கிறது. சீக்கிரம் போய்விடும் என்று கட்டிய கப்பல்கள் போகவே இல்லை. நினைவக இடம் தங்கத்தின் விலை விற்ற காலத்தில், 80 பத்தி துளை அட்டையில் இடம் மிச்சம் பிடிக்க ஆண்டை இரண்டே இலக்கத்தில் எழுதினார்கள். 2000 வரை இந்த நிரல் இருக்கவா போகிறது என்ற நினைப்பு. இருந்தது. அதைச் சரிசெய்யத்தான் சென்னையிலும் பெங்களூரிலும் ஆயிரக்கணக்கானவர்கள் கோபால் படித்தார்கள். எங்கள் துறையில் எனக்கு முந்தைய தலைமுறையின் வீட்டுக்கடன் பாதி அந்த இரண்டு இலக்கத்தால் அடைந்தது என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அதற்கப்புறமும் முடியவில்லை. 2020 ஏப்ரலில் நியூ ஜெர்சி ஆளுநர் ஃபில் மர்ஃபி பத்திரிகையாளர் சந்திப்பில் கோபால் தெரிந்த தன்னார்வலர்கள் வேண்டும் என்று கேட்டார். பெருந்தொற்றில் வேலை போனவர்கள் உதவித்தொகைக்கு மொத்தமாக விண்ணப்பிக்க, நாற்பது வருடப் பழைய கணினி அமைப்பு திணறியது. சிலிக்கான் பள்ளத்தாக்கு இருக்கும் அதே நாட்டில், வாடகை கட்ட முடியாத ஒருவர் நாற்பது வருடத்துக்கு முன்னால் யாரோ எழுதிய நிரலின் முன்னால் காத்திருந்தார். யாருக்குப் பணம் இருக்கிறதோ அவருடைய கப்பலைத்தான் புதுப்பிப்பார்கள். மற்றவர்கள் பழசிலேயே போக வேண்டியதுதான்.

மனிதர்களும் இந்தக் கணக்கில் வருகிறார்கள். 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அமெரிக்காவில் பலருக்கு அது ஒரு மின்னஞ்சலாக வந்தது. ஜெர்மனியிலும் பிரான்சிலும் அப்படி முடியாது, தொழிலாளர் சட்டப்படி பேச்சு வார்த்தை, அறிவிப்புக் காலம் என்று மாதக்கணக்கில் இழுக்கும். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் காரணம் சொல்லாமலே வேலையிலிருந்து எடுக்கலாம், நீங்களும் காரணம் சொல்லாமல் போகலாம். சமத்துவம் மாதிரிதான் தெரிகிறது. விடுப்பும் அப்படியே. ஐரோப்பிய ஒன்றியத்தில் வருடத்துக்கு நான்கு வாரச் சம்பள விடுப்பு சட்டப்படி குறைந்தபட்சம். அமெரிக்காவில் தனியார் முதலாளி ஒரு நாள்கூடச் சம்பள விடுப்பு தர வேண்டும் என்று மத்தியச் சட்டம் கிடையாது. நான் இரண்டு நாட்டு வாடிக்கையாளர்களோடும் வேலை செய்கிறேன். ஜெர்மன்காரர் ஆகஸ்டில் மூன்று வாரம் காணாமல் போவார். அவருடைய தானியங்கி பதிலில் மன்னிப்பு எதுவும் இருக்காது. அமெரிக்கர் நான்கு நாள் போவதற்கு இரண்டு பத்தி மன்னிப்பு எழுதி, மூன்றாவது நாள் ராத்திரி 'சும்மா எட்டிப்பார்த்தேன்' என்று வந்து நிற்பார். எனக்கு அவர்மேல் கோபம் வருவதில்லை. தான் புதுப்பிக்கப்படாத கப்பல் என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற பயம் அது. தொக்வில் அமெரிக்கர்களிடம் பார்த்த அமைதியின்மையும், வீட்டைக் கட்டிக் கூரை போடும் முன்பே விற்றுவிடுகிறவர்களைப் பற்றி அவர் எழுதியதும் இங்கேதான் எனக்குப் புரிகிறது. எல்லாமே மாற்றத்தக்கது என்று ஏற்றுக்கொண்டவன் தன்னையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறான்.

சென்ற வருடம் இந்த இரண்டும் ஒரே திட்டத்தில் முட்டிக்கொண்டன. அமெரிக்க நிறுவனம் ஒன்றின் மென்பொருள் கூறு, ஜெர்மன் தொழிற்சாலை இயந்திரம் ஒன்றுக்குள் போக வேண்டும். ஜெர்மன் ஆவணத்தில் ஒரு கட்டம்: எதிர்பார்க்கும் ஆயுள், 25 ஆண்டு. அமெரிக்க ஆவணத்தில் அப்படி ஒரு கட்டமே இல்லை. அந்தக் கூறில் நேரத்தை 32 பிட்டில் சேமித்திருந்தார்கள். 1970இலிருந்து நொடிகளை எண்ணிக்கொண்டுவரும் அந்த எண் 2038 ஜனவரி 19 அன்று நிரம்பி வழிந்து 1901க்குத் திரும்பிவிடும். இயந்திரம் அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும், பக்கத்தில் ஒரு தொழிலாளி நின்றுகொண்டிருப்பார். ஜெர்மன்காரர் இதை எழுப்பினார். அமெரிக்க மேலாளர் நல்ல மனிதர், எங்களோடு பேச அதிகாலை ஆறு மணிக்கு எழுந்து உட்கார்ந்திருந்தவர், யோசிக்காமல் சொன்னார்: அதற்குள் இதை எப்படியும் திரும்ப எழுதிவிடுவோம்.

நாங்கள் 64 பிட்டுக்கு மாற்றினோம். மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரத்தை யார் கணக்கில் எழுதுவது என்ற மின்னஞ்சல் இழை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.