கலங்கியது அழிந்ததா?

திருமுட்டம் என வழங்கும் ஸ்ரீமுஷ்ணத்தில், உடல் மேற்கு நோக்கி நிற்க முகம் மட்டும் தெற்கே திரும்பிய சாளக்கிராமத் திருமேனியராக எழுந்தருளியிருக்கும் பூவராகர், பிரளய நீரில் ஆழ்ந்த பூமியை மேலே எடுத்த பெருமான். இராமானுசர் வழிவந்த மரபு அப்பிரளயத்தை அழிவாகக் கொள்வதில்லை. உயிர்களும் சடப்பொருளும் பெயர், வடிவு பிரித்தறிய இயலாத சூட்சும நிலையில் இறைவனுக்கு உடலாகவே நிலைத்திருக்கின்றன என்பது அதன் துணிபு. எல்லாம் கலங்கிய பின் பழையது எங்கே போகிறது என்னும் இவ்வினா, இயற்பியலில் கேஜ் புலங்களைப் பற்றிய ஆய்விலும் எழுந்துள்ளது.

அளவுகோலை இடத்துக்கு இடம் மாற்றிக்கொண்டாலும் விதி மாறாதவாறு அமைந்தவை கேஜ் புலங்கள். ஒளியும் அத்தகைய புலமே; செவ்வியல் கணக்கில் ஓர் ஒளி மற்றோர் ஒளியைத் தீண்டாமல் கடந்துவிடும். 1954இல் யாங்கும் மில்ஸும் வகுத்த புலங்களோ தம்மீது தாமே வினைபுரிபவை. வெளியெங்கும் சீரான அத்தகைய புலத்தின் இயக்கமும் ஒழுங்கு குலையக்கூடியது என்று 1981இல் மட்டின்யான், சவ்விடி முதலியோர் காட்டினர். 1992இல் முல்லரும் டிரயானோவும் வெளியைக் கட்டங்களாகப் பகுத்துக் கணினியில் கணித்தபோது, மயிரிழை வேறுபாட்டோடு தொடங்கிய இரு புல அமைப்புகள் மடங்கு மடங்காக விலகின. அவ்விலகலின் வேகத்தைச் சொல்லும் எண்ணே லியாபுனோவ் அடுக்கு எனப்படுகிறது. இத்தகைய ஒழுங்குக் குலைவால், சில அலைகளில் குவிந்திருந்த ஆற்றல் எல்லா அலைகளுக்கும் பங்கிடப்படுவதே வெப்பச் சமநிலை. (கட்டங்களே இல்லாத செவ்வியல் புலத்துக்கோ இச்சமநிலை ஒருபோதும் கைகூடாது, ஆற்றல் மேன்மேலும் சிறிய அலைகளுக்குள் வடிந்துகொண்டே போகும்.)

ஆயினும் சமன்பாடு எதையும் அழிப்பதில்லை. புலத்தின் ஒவ்வொரு வேகத்தையும் துல்லியமாகத் திருப்பிவிட்டால் பழைய அமைப்பு மீண்டு வரும். திருப்புகையில் ஓர் அணுவளவு பிழை நேர்ந்தாலும் வராது. மீளும் மாற்றத்துக்கும் மீளாத மாற்றத்துக்கும் உள்ள இவ்வேறுபாட்டை மண்ணிலும் காணலாம்: விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் சுடாத பொம்மை நீரில் கரைந்து மறுபடி களிமண்ணாகிவிடும். சூளையில் வெந்ததோ எத்தனை நாள் ஊறினாலும் கரையாது. சாந்தோக்கிய உபநிடதம் மண்ணையும் மண்பாண்டத்தையும் காட்டிக் காரணத்தையும் காரியத்தையும் விளக்கும்போது, இந்தச் சூளையின் வெம்மையைக் கணக்கில் கொள்ளவில்லை என்றே சொல்ல வேண்டும்.

புலத்தின் நுண்ணிழைகளில் ஒளிந்த பழமையைச் சூட்சும நிலையோடு ஒப்பிடுவதில் தவறில்லை; அதையே பிரளயத்துக்கு அறிவியல் சான்றாக்குவது பொருந்தாது. சூட்சுமத்தில் உள்ளதை அறிந்து மீண்டும் வெளிப்படுத்துபவன் ஒருவன் உண்டு என்பது ஸ்ரீமுஷ்ணத்தின் நம்பிக்கை. யாங்–மில்ஸ் சமன்பாட்டில் அப்படி ஒருவருக்கு இடமில்லை.