மடியில் மறைத்த நூல்

திருடியைப் பிடிப்பதுபோலப் பிடித்தேன் அவளை!

பத்தாம் வகுப்பு, தமிழ்ப் பாடவேளை. மேசைமீது பாடநூல், மடியிலே கதைநூல். கை நீட்டினேன். கண்ணீர் இல்லை, கெஞ்சல் இல்லை. படித்த பக்கத்தின் மூலையை மெல்ல மடித்து, இடம் குறித்துக்கொண்டு கொடுத்தாள்.

மயிலாப்பூர் லஸ் முனை நடைபாதையில், பழைய புத்தகக் குவியலிலே, தின்பண்டக் காசைச் சேர்த்து வாங்கிய நூல் அது. அவள் அன்னை நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்குபவர். மாலையிலே தம்பியைப் பார்க்கவேண்டும், தண்ணீர் பிடிக்கவேண்டும், உலை வைக்கவேண்டும். கதை படிக்க அவளுக்கென்று மிஞ்சிய நேரம் என் வகுப்பு நேரந்தான்!

வகுப்புக்கு ஒழுங்கு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால், தோழர்களே, ஒழுங்கைக் காக்கவா அதைப் பறித்தேன்? "கதை படித்துக் கெட்டுப்போகிறாயே!" என்றல்லவா சொன்னேன்!

எவர் சொல் அது? எழுத்தறிந்த பெண் கெடுவாள் என்றனர் ஒரு காலத்தில். நாவல் படிக்கும் பெண் குடும்பத்துக்கு ஆகாள் என்றனர் பின்னர். அந்த மடமையை எள்ளி நகையாடும் நான், 'ஏன் என்று கேள்' என்று மேடையிலே முழங்கும் நான், அதே சொல்லை வகுப்பறையிலே உமிழ்ந்தேன்.

அன்று மாலை, அடையாறு செல்லும் பேருந்தில் நூலைப் பிரித்தேன். ஓட்டப் பந்தயத்தில் ஓட விழையும் ஒரு சிறுமி, தடுக்கும் தாய், பொய் சொல்லிவிட்டு ஓடச் செல்லும் மகள். வீடு சேர்ந்தும் கீழே வைக்க மனம் வரவில்லை.

மறுநாள் திருப்பிக் கொடுத்தேன். அவள் கேட்டாள்: "நீங்களும் படித்தீர்களா, டீச்சர்? அம்மாவிடம் பொய் சொன்னது சரியா?"

திடுக்கிட்டேன்! வாய்மை அதிகாரத்தின் பத்துக் குறளையும் பிழையின்றி ஒப்புவித்தவள் அவள். குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மையின் இடம் பெறும் என்று வள்ளுவர் கூறுவது அவளுக்கு மனப்பாடம். ஆயினும் அன்று 'சரியா?' என்று அவள் கேட்டதில்லை. கதை கேட்க வைத்தது.

காரணம் எளிது. வாழ்க்கையிலே பொய்யைச் சோதித்துப் பார்த்தால் தாயின் கண்ணீரே விலை. கதையிலோ, எவரையும் புண்படுத்தாமல் இரு பக்கத்தையும் எடைபோடலாம். பகுத்தறிவும் நீச்சலைப் போன்றது. கரையில் நின்று விதிகளை ஒப்புவித்து வருவதன்று. இளைஞர் கதை அதற்கு ஆழங்குறைந்த குளம்.

அந்த வயதினருக்கு நம்மிடம் நூல்கள் மிகுதியில்லை. குழந்தைகளுக்குப் பாட்டு உண்டு, பெரியோருக்கு நாவல் உண்டு, இடைப்பட்டோர் இரண்டுக்கும் நடுவே நிற்கின்றனர். இரா. நடராசனின் 'ஆயிஷா', கேள்வி கேட்ட மாணவியை நசுக்கிய பள்ளியை ஓர் ஆசிரியையின் வாயாலேயே சொல்ல வைத்தது. அமெரிக்காவில் எஸ். இ. ஹிண்டன் என்ற பெண் பள்ளிப் பருவத்திலேயே எழுதிய 'தி அவுட்சைடர்ஸ்' 1967-இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 18. தம் வயதினரின் வாழ்வு நூல்களில் இல்லையே என்ற குறைதான் அவரை எழுத வைத்தது. அந்த நூலையும் சில பள்ளிகள் விலக்கி வைத்தன!

"எல்லாக் கதையும் நல்ல கதையோ?" என்பீர்கள். இல்லை! சாதிச் செருக்கைத் தாலாட்டும் கதை உண்டு. பெண்ணைத் துரத்துவதைக் காதலென்று காட்டும் கதையும் உண்டு. ஆனால் பறித்தால் படிப்பு நிற்காது, ஒளிந்துகொள்ளும். ஒளித்துப் படிக்கும் நூலோடு வாதிட ஆளில்லை. உடனிருந்து படிக்கும் நூலோடு வாதிடலாம்.

ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் கிடைக்கவேண்டும் என்பதை நூலகவியலின் விதிகளுள் ஒன்றாக 1931-இல் வகுத்தவர், சென்னைப் பல்கலைக்கழக நூலகர் எஸ். ஆர். ரங்கநாதன். பொது நூலகச் சட்டம் 1948-இல் இந்த மாநிலத்தில் பிறந்தது. வீட்டிற்கோர் புத்தகசாலை வேண்டுமென்று வானொலியில் பேசினார் அறிஞர் அண்ணா. அவர் பெயரால் கோட்டூர்புரத்தில் 2010-இல் எழுந்த நூற்றாண்டு நூலகத்தை மருத்துவமனையாக்க 2011-இல் அரசு முடிவு செய்தபோது எதிர்ப்பு எழுந்தது; உயர்நீதிமன்றம் தடுத்தது. மாடி மாடியாய் அடுக்கிய நூல்களைக் காக்கக் குரல் கொடுத்தோம், சரி. ஒரு சிறுமியின் மடியில் இருந்த ஒற்றை நூலுக்கு யார் குரல் கொடுத்தார்? பறித்தவளே நானல்லவா!

அவள் கேள்விக்கு விடை சொல்ல நாவெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். "நீ என்ன நினைக்கிறாய்?" என்றேன்.

சற்று நேரம் எண்ணினாள். "கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டார்கள், டீச்சர். ஆனாலும் அந்த அம்மா பாவம்" என்றாள்.

வாய்மைக்கும் உரிமைக்கும் இடையே, அன்புக்கும் அநீதிக்கும் இடையே, தானாக நின்று அவள் எடைபோட்ட முதல் தீர்ப்பு அது.

தோழர்களே! உங்கள் தங்கையின் கையிலும் இன்று ஒரு கதைநூல் இருக்கலாம். பறிக்காதீர்கள். படித்து முடித்ததும் நமக்கும் தரச் சொல்லுங்கள். பிறகு அவள் கேட்பாள். அப்போது நாம் அங்கே இருக்கவேண்டும்.